அவகாசமில்லாத காடு

அத்தியாயம் 11

கை தட்டியவர்களில் ஒருவர்கூட அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. பேசிய நானும் பார்த்ததில்லை. பிறகு எதற்கு அத்தனை சத்தம்?

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து ஸ்வர்ணலதாவின் மனத்தில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக் காலரைத் தேய்க்கும்போது எழும். அடுத்த சட்டையை உதறும்போது அடங்கும். இன்று ஞாயிற்றுக்கிழமை. மேஜையில் முப்பது சட்டைகள் காத்திருந்ததால், அந்தக் கேள்வியும் முப்பது முறை வந்துபோக நேரம் இருந்தது.

வெள்ளியன்று நடந்தது கல்லூரிப் பேச்சுப் போட்டி. சைலண்ட் வாலியில் மின்சாரத்துக்காக அணை கட்டுவதா, காட்டை அப்படியே விடுவதா என்று கேரளமே இரண்டுபட்டு நின்ற நேரம் அது. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது அணைக் கட்சி. மட்டாஞ்சேரியில் துணி வெளுத்துத் தேய்க்கும் தமிழ்க் குடும்பத்திலிருந்து தினமும் படகேறி எர்ணாகுளத்துக்குப் படிக்கப் போகிறவள், மலையாளத்தில் பேசி, மலையாளப் பெண்களை ஜெயித்து, ஒரு எவர்சில்வர் கூஜாவோடு திரும்பி வந்தாள். அம்மா மாயம்மாள் இன்னும் அந்தக் கூஜாவில் தண்ணீர் ஊற்ற விடவில்லை. உள்ளே கறை பிடித்துவிடுமாம்.

எதிர்க்கட்சியில் பேசியவள் வைப்பின் தீவிலிருந்து வருகிற ஒரு பெண். திக்கித் திக்கி நாலைந்து மரங்களின் பெயரைச் சொன்னாள். வெடிப்பலா என்று ஒன்று ஸ்வர்ணலதாவுக்கு நினைவிருந்தது. பிறகு அந்தப் பெண், "நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும்..." என்று தொடங்கி, மிச்சத்தை முடிக்காமல் போய் உட்கார்ந்துவிட்டாள். கூடம் சிரித்தது.

முடித்துச் சொன்ன தன் நாற்பது வாக்கியங்களைவிட, முடிக்காமல் விட்ட அந்த ஒன்றுதான் வீடு வரை கூடவே வந்தது.

"ஏட்டி, காலர் வெந்துரும். பெட்டிய எடு."

ஸ்வர்ணலதா சட்டென்று பெட்டியைத் தூக்கினாள். ஏழு கிலோ பித்தளை. உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கங்கு. மாயம்மாள் கீழே உட்கார்ந்து அடுத்த பெட்டிக்குச் சிரட்டையை எரித்துக்கொண்டிருந்தாள். ஊதினாள், இருமினாள், மறுபடி ஊதினாள். அம்மாவின் இருமல் அந்தக் கொட்டகைக்குள் ஒரு சாமான் மாதிரி இருந்தது. எப்போது வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

"பரிசு வாங்கின பிறகு உனக்கு என்னமோ ஆயிட்டு" என்றாள் மாயம்மாள். "தோத்தவ மாதிரி இருக்கே."

அதற்குள் வாசலில் பிச்சைமணி மாமா வந்து நின்றார்.

பிச்சைமணி மாயம்மாளின் அண்ணன். அந்த வட்டாரத்தில் துணி தேய்க்கும் பன்னிரண்டு கொட்டகைகளுக்கும் சேர்த்துச் சங்கம் வைத்து, அதற்குத் தானே செயலாளராகவும் ஆனவர். ஸ்வர்ணலதாவைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவள் அப்பா வீரபாண்டியிடம் மல்லுக்கு நின்றவரும் அவர்தான். வீரபாண்டி இன்று விடியற்காலையிலேயே வெளுக்கப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்குமோ என்று ஸ்வர்ணலதா பிற்பாடு நினைத்ததுண்டு. போயிருக்காது. அப்பா எந்த விஷயத்திலும் மாமா பேசி முடித்த பிறகுதான் தலையாட்டுவார்.

மாமாவின் கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பின்னால் அவருடைய அத்தை மகன் முத்துராமலிங்கம், சாமி ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரி பயபக்தியோடு வந்தான். அவன் சங்கரன்கோவிலிலிருந்து கொச்சிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பெட்டிக்குள் புத்தம் புதிய மின்சார இஸ்திரிப் பெட்டி. வெள்ளிபோலப் பளபளத்தது. நம் கொட்டகைகளுக்குக் கரண்ட் வரப்போகிறது, அது வருவதற்கு முன்னாலேயே பெட்டி தயாராக இருக்க வேண்டாமா என்று மாமா கேட்டார். கல்யாணம் நிச்சயமாகும் முன்பே தொட்டில் வாங்குகிற ஆள் அவர்.

மாயம்மாள் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இது என்ன அண்ணே, பஞ்சு மாதிரி இருக்கு? கனமே இல்லாத பெட்டி சுருக்கத்த எப்படி எடுக்கும்?"

"கனமெல்லாம் கரண்டுல இருக்கு தாயி."

"அப்போ கரண்டு எவ்வளவு கனம் இருக்கும்?"

மாமா கல்லூரி மாணவியைப் பார்த்தார். ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவின் கேள்வி அத்தனை முட்டாள்தனமானதாக அவளுக்குத் தோன்றவில்லை.

பெட்டியைச் சோதித்துப் பார்க்காமல் முத்துராமலிங்கத்தால் இருக்க முடியவில்லை. தெரு முனையில் பைலி சேட்டனின் சாயாக்கடையில் கரண்ட் உண்டு. மாமாவின் வேட்டி ஒன்றையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். மாமா பின்னால் போனார். இரண்டு ஆண்களும் சேர்ந்து எதையாவது எரித்துவிடுவார்கள் என்று மாயம்மாள் மகளையும் அனுப்பிவைத்தாள்.

சாயாக்கடையில் பகலிலும் பல்பு எரியும். அத்தனை இருட்டு. மர பெஞ்சுகளில் மிளகு மூட்டை தூக்கும் ஆட்கள் சாயாவை ஆறவிட்டுவிட்டு ரேடியோ நாடகத்தில் லயித்திருந்தார்கள். கதாநாயகி தன் குழந்தைக்கு அப்பா யார் என்ற ரகசியத்தைச் சொல்லப் போகிற கட்டம்.

பைலி சேட்டன் மனமிரங்கி ரேடியோவுக்குப் பக்கத்துப் பிளக்கைக் காட்டினார். முத்துராமலிங்கம் மாட்டினான்.

பல்பு மங்கியது.

அணையவில்லை. மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, உள்ளிருக்கும் கம்பி மட்டும் தெரிகிற அளவுக்குச் சோர்ந்தது. ரேடியோவில் கதாநாயகியின் குரலும் தூரத்துக்குப் போனது. பெட்டியின் அடித்தட்டு மெல்லச் சூடேறியது. முத்துராமலிங்கம் விரலில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான். "ஸ்ஸ்" என்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வேட்டியின் ஒரு முழத்தை ஒரே இழுப்பில் தேய்த்துக் காட்டினான். கங்கு இல்லை, சாம்பல் இல்லை, கரும்புள்ளி இல்லை. பால்போலக் கிடந்தது வேட்டி.

ஸ்வர்ணலதா வேட்டியைப் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இதற்குச் சூத்திரம் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறாள். ஆனால் இப்படிக் கண்ணுக்கு நேராக ஒன்று சூடாவதும் ஒன்று மங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று அவள் யோசித்ததில்லை. நமக்கு வருகிற ஒவ்வொன்றும் எங்கிருந்தோ கிளம்பித்தான் வருகிறது. இங்கே ஒரே அறை என்பதால் இரண்டும் தெரிகிறது. நூறு மைல் தள்ளி இருந்தால்?

"எடா முத்தே, ஆ பெட்டி ஊரெடா" என்று பைலி சேட்டன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி முடிப்பதற்குள் பட்டென்று சத்தம். ஃப்யூஸ் போய்விட்டது. பல்பும் ரேடியோவும் ஒன்றாக அடங்கின. கதாநாயகியின் ரகசியம் அவளோடேயே போயிற்று.

பெஞ்சிலிருந்த எட்டுப் பேரும் எழுந்தார்கள். யாருடைய குழந்தை என்று நீயே சொல்லடா என்று முத்துராமலிங்கத்தை மடக்கினார்கள். அவன் ஒன்றும் புரியாமல், "சத்தியமா எனக்குத் தெரியாது சேட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கடை முழுக்கச் சிரித்தது. பைலி சேட்டன்கூடச் சிரித்துவிட்டு, ஃப்யூஸ் கம்பி தேடப் போனார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா சிரித்தபடியே வந்தார். பிறகுதான் சட்டைப் பைக்குள்ளிருந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். அவருடைய உண்மையான விசேஷம் பெட்டி அல்ல, இது.

பன்னிரண்டு கொட்டகைகளுக்கும் கரண்ட் கேட்டு மனு. அணையைச் சீக்கிரம் கட்டினால் எல்லோருக்கும் உடனே இணைப்புக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். எர்ணாகுளம் கலூரில் இருக்கிற பெரிய சங்கத்தின் தலைவர் இன்று இரவு வண்டிக்குத் திருவனந்தபுரம் போகிறார். நாலு மணிப் படகைப் பிடித்து அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். மற்றவர்களெல்லாம் பெருவிரல் ரேகை வைத்தாயிற்று. முதல் கையெழுத்துக்கு மட்டும் மேலே இடம் விட்டிருந்தது.

"அந்த இடம் உனக்கு. படிச்ச பொண்ணு பேரு முதல்ல இருந்தா அதுக்கு ஒரு மதிப்பு. வாசிச்சுக் காட்டு தாயி. டைப் அடிச்சவன் வாசிச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

கொட்டகை வாசலில் நின்று ஸ்வர்ணலதா தாளைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். இரண்டாவது வரிக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. அடுத்தது என்ன என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அது அவளுடைய பேச்சு.

மாமா பெருமையில் கரைந்துகொண்டிருந்தார். அவளுடைய நோட்டுப் புத்தகத்தை நேற்று எடுத்துப் போனது அவர்தானாம். சும்மா டைப் அடித்துக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றுதான் போனாராம். டைப் அடிக்கிறவன், இதைவிட நல்ல மனு வக்கீல்கூட எழுத மாட்டான் என்றானாம். மேலே விலாசமும் கீழே வணக்கமும் சேர்த்ததோடு சரி. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

மாயம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மகள் பேசியதை அவள் கேட்டதில்லை. கல்லூரிக் கூடத்துக்குள் அவளை யார் கூப்பிட்டார்கள்?

"வாசிட்டி. நானும் கேக்குதேன்."

அம்மாவுக்காக வாசித்தாள். முதலில் நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. பிறகு சொந்த வாக்கியங்களின் ஓட்டம் அவளை இழுத்துக்கொண்டது. இருட்டில் படிக்கும் குழந்தைகள், புகையில் இருமும் தாய்மார்கள். அம்மா அந்த இடத்தில் மெல்லத் தலையாட்டினாள். அது பொய்யில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் எழுதியது. அடுத்து அந்த வரி வந்தது. வெள்ளிக்கிழமை கூடமே எழுந்து கை தட்டிய வரி.

"ஆ காட்டில் ஆர்க்கும் அவகாசமில்ல."

முத்துராமலிங்கம் புருவத்தை உயர்த்தினான். "காட்டுல யாருக்கும் அவகாசம் இல்லியா? ஏன், அவ்ளோ வேலையா அங்க?"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாயம்மாளும் சிரித்தாள், சிரிப்பே இருமலாக மாறும் வரை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை, நம் ஊர் அவகாசம் இல்லை என்று மாமா அவனுக்கு விளக்கினார். யாருக்கும் உரிமை இல்லாத காடு, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். முத்துராமலிங்கம் தலையைச் சொறிந்தான். "குரங்குக்கெல்லாம் லீவே கிடையாதோன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

மறுபடியும் சிரிப்பு.

ஸ்வர்ணலதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வரியை மறுபடி பார்த்தாள். அது இப்போது அவனுடைய தமிழில்தான் காதில் விழுந்தது. அந்தக் காட்டில் யாருக்கும் அவகாசம் இல்லை. நேரம் இல்லை. எழுந்து வேறு இடம் போவதற்கோ, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்கோ, யாரும் எந்த அவகாசமும் கொடுக்கவில்லை. இந்த ஊருக்கு ஒரு மாதம் முன்னால் வந்தவன், ஒன்றும் தெரியாமல், அவளுடைய வரிக்குள் இருந்த உண்மையை எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

உரிமை என்று அவள் எழுதியது எதை வைத்து? அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டும் பார்க்கவில்லை. வெடிப்பலா என்பது பூப்பதா காய்ப்பதா என்றுகூடத் தெரியாது. சீட்டில் வந்த கட்சிக்கு ஒரு நல்ல வரி தேவைப்பட்டது. எழுதினாள். அதுவரை யாரையும் பாதிக்காத ஒரு வரி. இப்போது அதன் கீழே பன்னிரண்டு பெருவிரல்கள்.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடி கழற்றி நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை.

"மாமா, கரண்ட் வேணும்னு மட்டும் தனியா ஒரு மனு எழுதித் தாரேன். அம்மா இருமல், இந்தப் புகை, எல்லாத்தையும் எழுதுதேன். இப்பவே. பத்து நிமிஷம் போதும்."

மாமா முதலில் அவள் வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தார். பிறகு புரிந்தது. பன்னிரண்டு பேரையும் மறுபடி தேடிப் பிடித்து ரேகை வைக்க முடியுமா, டைப் அடிக்கிறவன் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கே கிடைப்பான், மணி இப்போதே மூன்றரை ஆகப் போகிறதே என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாயம்மாள்தான் இடையில் வந்தாள். குரலில் அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"உனக்குக் கரண்ட் வேண்டாமா?"

"வேணும்மா."

"இந்தப் பெட்டி?"

"வேணும். அது வந்தா உன் கையால இத நான் தொட விடமாட்டேன்." மேஜைமேல் இருந்த பித்தளைப் பெட்டியைக் காட்டினாள்.

"அப்போ என்ன?"

என்ன? ஸ்வர்ணலதா தனக்குள் தேடினாள். கரண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். வைப்பின் பெண்ணைப் போலத் தைரியமாகவும் இருக்கும். ஆனால் அது அம்மாவின் நெஞ்சுப் புகையில் நின்றுகொண்டு தான் நல்லவளாவது. அப்படியென்றால் கையெழுத்துப் போட்டுவிடலாமே? பெட்டியை மட்டும் வேண்டுமென்று சொல்லிவிட்டு, அணைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது என்ன யோக்கியதை?

அவள் சாயாக்கடையை நினைத்துப் பார்த்தாள். பைலி சேட்டனிடம் முத்துராமலிங்கம் கேட்டுவிட்டுத்தான் பிளக்கை மாட்டினான். பல்பு மங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். திட்டினார்கள், சிரித்தார்கள். அவன் கும்பிட்டான். அதில் ஒரு நேர்மை இருந்தது. எங்களுக்கு வேண்டும் என்று கேட்கலாம். உரக்கவே கேட்கலாம். ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லிக் கேட்கக் கூடாது. எந்த ஆறு, எந்த மரம், அங்கே யார் என்று தெரிந்துகொண்டு, நஷ்டத்தை வாயால் சொல்லி, அதற்குப் பிறகும் கேட்க முடிந்தால் கேட்க வேண்டும். முடியாவிட்டால் வேறு வழி தேட வேண்டும்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தெரிந்த மட்டும் சொன்னாள்.

"இதுல ஒரு வரி பொய்ம்மா. நான் எழுதின பொய். அடுத்தவங்க எழுதியிருந்தா ஒருவேளை போட்டிருப்பேன்."

மாயம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். பொய் எழுதினதுக்கா கூஜா குடுத்தான் என்று அவள் முணுமுணுத்தபோது, முத்துராமலிங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அவனே, "வேணும்னா ஓடிப்போய் அந்த டைப் அடிக்கிறவர் வீட்டப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்றான். மாமா வேண்டாமென்று கையசைத்தார்.

படகுத்துறைப் பக்கமிருந்து மணி கேட்டது. மூன்றரைப் படகு கிளம்புகிறது. அடுத்ததுதான் நாலு மணி.

பிச்சைமணி தாளை வாங்கி மேஜைமேல் விரித்து, காலியாக இருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். சுருக்கம் ஒன்றும் இல்லை. பழக்கம். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதன் பின்னால் ஏதோ அடிபட்டிருந்தது. பன்னிரண்டு வீட்டிலும் என் மருமகள் கையெழுத்து முதலில் என்று சொல்லி வந்திருந்தார். வெறுங்கையோடு அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியவர் அவர்.

"சரி தாயி. உனக்கு ஸ்வர்ணலதான்னு பேரு வச்சவனே நான்தான். நானே எழுதிக்கிடுதேன். பேனாவக் குடு."

விளையாட்டுப்போலத்தான் சொன்னார். நீட்டிய கை விளையாடவில்லை.

ஸ்வர்ணலதா அந்தக் கையைப் பார்த்தாள். இருபது வருஷக் கங்கில் காய்ந்து போன கை. முதல் நாள் கல்லூரிக்குப் படகில் ஏறப் பிடித்துவிட்டதும் அதுதான். அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழவில்லை.

பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். அதை அவர் கையில் வைக்கவில்லை. இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா" என்றாள், அவருக்கும் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் மட்டும் கேட்கிற குரலில். "நீங்க எழுதினாலும் அது நான் இல்ல."

பிறகு பேனாவை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜையில் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.